சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்

முருகன்குறிச்சி லேபில்
எனக்கு வயது ஐம்பத்திரண்டு.
முதல் தடவை ரத்தம் கொடுத்த அன்று
கம்ப்யூட்டரில் ஏற்றியது.
பதினோரு வருடமாக யாரும் அதைத் தொடவில்லை.
சர்க்கரைதான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
விடிந்தும் விடியாமல், பச்சைத் தண்ணி மட்டும் குடித்து,
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி
அந்த நீல பெஞ்சில் வரிசையாக இருப்போம்.
"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு
இன்னொரு தடவை குத்தணும்" என்பாள் பெர்சி,
எங்களுக்குத் தெரியாத விஷயம் போல.

பெருமாள்புரம் போய்த் திரும்பினால்
ஆட்டோவுக்கே இருநூறு ஆகிவிடும்.
மேலப்பாளையம் செய்தூன் பீவிக்கும் அதே கணக்கு.
அப்படித்தான் எதிர்த்த கடையில் ஒரே மேஜைக்கு வந்தோம்.
அப்புறம் சர்வே ஆபீஸ் ஆறுமுகநயினார்.
அப்புறம் ஒரு மழை நாளில்
கால் பெருவிரலில் கட்டோடு பிஸ்வநாத் மண்டல்,
டைல்ஸ் ஒட்ட மால்டாவிலிருந்து வந்து
இங்கேயே நரைத்தவர்.
"எண்ணெ ஊத்தாம ஒரு ஊத்தப்பம், சட்னி கெட்டியா"
என்று அவர் சொல்லும்போதெல்லாம்
செய்தூனுக்குச் சிரிப்பு அடங்காது:
"எங்க வாப்பாவ விட இவருக்குல்லா நெல்லத் தமிழு வருது!"

ரெண்டு மணி நேரத்தில் எவ்வளவோ பேசலாம்.
செய்தூனின் மருமகள் ஸ்கூட்டி வாங்கியது.
மண்டலின் மகள் காலேஜில் தமிழ் படிப்பது,
அவள் திருத்துகிற அப்பாவின் லகர ளகரம்.
நயினாருக்கு மட்டும் எல்லாமே நிலம்.
"நாம இட்லி திங்க இந்த இடம்
வாய்க்காக்கரை, பாத்துக்கிடுங்க.
சங்கிலி புடிச்சு அளந்தவன் நானு."
பில் வரும்போது அவர் கை பைக்குப் போகாது.
அதை நாங்கள் அளந்து வைத்திருந்தோம்.

கார்த்திகையில் அவர் வரவில்லை.
சர்வர் பழக்கத்தில் நாலு தம்ளர் வைத்துவிட்டுப் போனான்.
ஒன்று அப்படியே இருந்தது.
யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.
எங்கள் வயதில் முதலில் தோன்றுவது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது.
மகன் சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டானாம்.
பதினாலாவது மாடி.
"இங்க லேப்காரன் வீட்டுக்கே வாரான்மா.
குத்திட்டுப் போயிருதான்.
ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்ப வாரான்."
கொஞ்சம் நிறுத்தினார்.
"அந்த ரெண்டு மணி நேரம்தான்..."
ஸ்பீக்கரில் போட்டேன்.
மண்டல் குனிந்து போனுக்குள் கத்தினார்:
"நயினாரண்ணே, பில்லு பாக்கி இருக்கு!"
அந்தப் பக்கம் சிரித்ததா இருமியதா தெரியவில்லை.

எண்பத்தாறில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு
டைப்பிஸ்ட்டாக வந்தபோது
வீட்டுக்காரரிடம் சொன்னேன்,
ரெண்டே வருஷம், மாற்றல் வாங்கிட்டுப் போயிருவேன் என்று.
அந்த வீடு இப்போது மொபைல் கடை.
ஆனாலும் யாராவது எந்த ஊர் என்றால்
ராதாபுரம் பக்கம் என்று வாய் தானாகச் சொல்கிறது.
அங்கே போன கொடைக்குப் போய் நின்றேன்.
யார் வீட்டு விருந்தாளி என்று கேட்டார்கள்.

இந்தத் தடவை பெர்சி திரையை உற்றுப் பார்த்து
"ஆன்ட்டி, வயசு தப்பா கிடக்கே, மாத்தவா?" என்றாள்.
பெர்சிக்கும் கண்ணாடி வந்துவிட்டது.
எட்டிப் பார்த்தேன்.
பெயர் சிவகாமசுந்தரி. வயது 52. ஊர் ராதாபுரம்.
"வயசு கிடக்கட்டும்" என்றேன்.
"ஊரை மாத்து."

என்ன போட என்று கேட்டாள்.
பாளையங்கோட்டையா, திருநெல்வேலியா?
முப்பத்தொன்பது வருடம்
பாலத்தில் போவதும் வருவதுமாக இருந்ததில்
ஆற்றுக்கு எந்தப் பக்கம் நான் என்று
யோசித்திருக்கவில்லை.
பின்னால் வரிசை முனகியது.
எதிர்த்த கடை வாசலில் நின்று
செய்தூன் கை காட்டினாள்:
வடை சொல்லியாச்சு, எனக்கும் சேர்த்து.
இன்றைக்கு ஏறும்.